விலகும் உரிமையும் தங்கும் கடனும்

எம்மவர் மத்தியில் உத்தியோகம் என்பது கிடைப்பதற்கு மட்டுமே உரிய பொருளாகக் கருதப்பட்டு வருகிறது. நியமனக் கடிதம் வந்த நாளில் கோயிலில் பொங்கல் வைப்பார்கள். உறவினர் வீடு தேடி வருவார்கள். அந்த உத்தியோகத்தை விட்டுவிடலாமா என்று ஒருவன் வாய் திறந்துவிட்டாலோ அவனுக்கு மறுமொழி கூற எமது சமுதாயத்திடம் இரண்டே வசனங்கள் இருக்கின்றன. கிடைத்ததை விடுகிறவன் முட்டாள் என்பது ஒன்று. கிடைக்கப்போவதை விடுகிறவன் அதைவிடப் பெரிய முட்டாள் என்பது மற்றது. இவ்விரண்டு வசனங்களுக்கும் இடையே சில மாதங்கள் நின்று யோசிக்க நேர்ந்த ஓர் ஆசிரியனின் கணக்கே இக்கட்டுரை. நான் கணிதம் கற்பிப்பவன். ஆதலால் இதனைக் கணக்கு என்று சொல்வதே எனக்கு இயல்பாக இருக்கிறது.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடந்து எங்கள் நாட்டை இரு கரைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்குப் பக்கம் எழுவான்கரை; வயலும் காடுமாக மேற்கே விரிந்து செல்வது படுவான்கரை. கந்தோர்களும் வங்கிகளும் பேர்பெற்ற கல்லூரிகளும் பெரும்பாலும் ஞாயிறு எழும் கரையில் இருக்கின்றன. அவற்றில் இருப்போர் உண்ணும் நெல்லில் பெரும்பகுதி ஞாயிறு படும் கரையில் விளைகிறது. களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரை தொடங்குகிறது. அவ்வாறு கடந்து சென்று சேரும் ஊர்களில் பழுகாமம் ஒன்று. நான் எழுவான்கரையில் பிறந்தவன். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். 2023ஆம் ஆண்டில் பழுகாமத்துப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியனாக நியமனம் பெற்றேன்.

அப்பாடசாலையின் பத்தாந்தர மாணாக்கருக்கு இரண்டு ஆண்டுகளில் நான் மூன்றாவது கணித ஆசிரியன். எனக்கு முன் வந்த ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனார். மற்றவர் வெளிநாடு போனார். இருவரையும் நான் குறை கூறமாட்டேன். மாரிகாலத்தில் நீரில் அமிழ்ந்துபோகும் வீதியும், ஆசிரியர் தங்குவதற்கு ஒரு விடுதியேனும் இல்லாத நிலையும், பொழுது பட்டபின் யானைக்கு அஞ்சி மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு ஓடவேண்டிய தேவையும் எவரது பொறுமைக்கும் ஓர் எல்லையை வகுத்துவிடும்.

எட்டாம் மாதத்தில் எனக்கும் ஒரு வாசல் திறந்தது. மாலைதீவில் ஒரு தீவுப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் தேவை என்றும், என்னுடைய தகுதி போதுமானது என்றும், இரண்டு வாரங்களுக்குள் மறுமொழி தரவேண்டும் என்றும் கடிதம் வந்தது. சம்பளம் டொலரில். ரூபாவிற் கணக்கிட்டால் நான் பெறுவதைப்போல ஐந்து மடங்கு. அங்கேயும் இதே கரும்பலகை, இதே இருபடிச் சமன்பாடு. மொழி ஆங்கிலம், பரீட்சை கேம்பிரிட்ஜ். ஒரே உழைப்பு ஒரு கடலைத் தாண்டியதும் ஐந்து மடங்கு பெறுமதி அடைவது எந்தக் கணிதத்தின் விதி என்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன். அது கணிதத்தின் விதியன்று. நாணயச் சந்தையின் விதி. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அறிவித்த காலத்தில், 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதமாயிற்று. 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்துப் போராடி ஆசிரியரும் அதிபரும் பெற்ற சம்பள உயர்வை அந்த விலையேற்றம் சில மாதங்களுக்குள் விழுங்கிவிட்டது.

வீட்டின் நிலையையும் மறைக்காமற் சொல்லவேண்டும். தந்தையார் தச்சுத் தொழிலாளி. உடம்பு ஒத்துழைக்காமல் உளியை வைத்துவிட்டார். நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அடகுவைத்த அம்மாவின் காப்பு இன்னும் மீளவில்லை. எனக்குப் பின் ஒரு தங்கை. எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். திருமணமானதும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு கூரையை உறுதிப்படுத்துகிறது என்று இவ்வழக்கத்தைப் போற்றுவோர் உண்டு. அந்தக் கூரையைப் போடுவதற்காகத் தந்தையும் தமையனும் தம் வாழ்நாளை அடகுவைக்கும் கதையையும் அவர்கள் சேர்த்துச் சொல்லவேண்டும். எங்கள் வளவில் தங்கையின் வீடு அத்திவாரத்தோடு நின்றது. 2022க்குப் பின் ஒரு மூடை சீமெந்தின் விலையைக் கேட்டுவிட்டு அப்பா அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்.

"மனே, கடவுள் தந்த வழி. யோசிக்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்றார் அம்மா.

அம்மா சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை. ஆயினும் நான் யோசித்தேன்.

ஆலோசனை கூற வந்தவர்கள் இரண்டு வகையினர். முதல் வகையினர் தியாகத்தைப் போதித்தார்கள். ஆசிரியத் தொழில் புனிதமானது; பின்தங்கிய பிரதேசத்துப் பிள்ளைகளைக் கைவிடுவது பாவம் என்றார்கள். அவர்களுட் பெரும்பாலோர் எழுவான்கரையில் வீதியோரத்துப் பாடசாலைகளில் இருந்துகொண்டு, தம் சொந்தப் பிள்ளைகளை நகரத்துக் கல்லூரிகளில் சேர்த்திருந்தார்கள். இரண்டாம் வகையினர், நாட்டைத் திருத்துவது உன் வேலையா, உன் பாட்டைப் பார் என்றார்கள். முதலாமவர் என்னை ஒரு துறவியாகப் பார்த்தார்கள். இரண்டாமவர் ஒரு வியாபாரியாகப் பார்த்தார்கள். கூலிக்கு உழைக்கும் ஒரு தொழிலாளியாக என்னை இரு திறத்தாரும் பார்க்கவில்லை. அவ்வாறு பார்த்திருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வேலையை விட்டு விலகுவது உழைப்பாளிக்கு இயல்பாகக் கிடைத்த வசதியன்று. அது போராடிப் பெறப்பட்ட உரிமை. இந்நாட்டின் பெருந்தோட்டங்களில் ஒரு காலத்தில் 'துண்டு' முறை என்றொன்று இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளி, கங்காணியிடம் பெற்ற முற்பணத்தால் வந்த நாள் முதலே கடனாளி. அவன் ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், அவனது கடனைக் குறிப்பிடும் துண்டொன்றைத் துரை எழுதிக் கொடுக்கவேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைச் செலுத்தினால்தான் அவனுக்கு விடுதலை. மாறியது தோட்டம், மாறாதது கடன். 1921இல்தான் இந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்றும் வளைகுடா நாடுகளில் 'கஃபாலா' என்னும் பொறுப்பாளர் முறை வீட்டுப் பணிப்பெண்ணை எசமானனோடு கட்டி வைக்கிறது. சில நாடுகள் அண்மைய ஆண்டுகளில் திருத்தங்களைக் கொண்டுவந்தபோதிலும் வீட்டுக்குள் உழைப்பவள்மீது அதன் பிடி முற்றாகத் தளர்ந்துவிடவில்லை. பழுகாமத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து அந்நாடுகளுக்குப் போன தாய்மார் பலர். விரும்பாத வேலையை விட்டுவிட்டு வீடு திரும்ப முடியாமல் கண்ணீர் வடித்தவர்களின் கதைகளை அவர்களுடைய பிள்ளைகளின் வாயிலிருந்தே நான் கேட்டிருக்கிறேன். ஆதலால் விலகுவது பாவம் என்று ஒருவர் எனக்குப் போதிக்கும்போது, அந்தப் போதனை யாருடைய பழைய மொழி என்பது எனக்கு விளங்குகிறது.

அரசு இக்கேள்வியில் எவ்வாறு நடந்துகொண்டது? 1961ஆம் ஆண்டின் 70ஆம் இலக்கக் கட்டாயப் பொதுச்சேவைச் சட்டம், பட்டதாரிகளைக் குறித்த காலம் அரச சேவையில் பணியாற்றக் கடப்படுத்த வழிசெய்தது. மக்கள் பணத்தில் படித்தவன் மக்களுக்குச் சில காலம் உழைக்கட்டும் என்பது அதன் நியாயம். கன்னங்கராவின் காலத்தில், 1945இல், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்திராவிட்டால் ஒரு தச்சனின் மகன் பல்கலைக்கழகத்தின் படியை மிதித்திருப்பானா? அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அறுபது ஆண்டுகளின் பின், 2022 ஜூனில், அதே அரசு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அரச ஊழியர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம். சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பங்கம் வராது. மாதந்தோறும் ஒரு தொகையை வெளிநாட்டு நாணயமாக நாட்டுக்கு அனுப்பவேண்டும். 'நின்று உழை' என்று சட்டம் இயற்றிய அதே வாய், 'போய் டொலர் அனுப்பு' என்று வழியனுப்பி வைத்தது. இரண்டு உத்தரவுகளுக்கும் இடையில் பின்தங்கிய ஊரின் வகுப்பறை ஒன்று காலியாக இருக்கிறது; அதைப் பற்றிச் சுற்றறிக்கை கவலைப்படவில்லை.

இன்னுமொன்றையும் இங்கே கவனிக்கவேண்டும். 2013இல் 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்னும் நடைமுறை கொண்டுவரப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்வதை அது தடுத்தது. அதற்கு மேற்பட்ட வயதுப் பிள்ளைகளின் தாயிடம், நீ போனால் உன் பிள்ளையை யார் பார்ப்பார் என்று கேட்டது. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்ததும் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. தகப்பன்மாரிடம் இக்கேள்வி ஒருபோதும் கேட்கப்படவில்லை. ஏழைத் தாயை மட்டும் நிறுத்திவைத்துக் கேட்கும் இந்தச் சட்டத்தில் அநீதி உண்டு. எனினும் அந்தக் கேள்வி மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. பத்தாந்தரத்தில் முப்பத்துநான்கு பிள்ளைகள். நான் போனால் அவர்களுடைய கணக்கை யார் பார்ப்பார்?

இது உருக்கத்துக்காகக் கேட்கும் கேள்வியன்று. கணிதம் அடுக்கடுக்காக நிற்கும் பாடம். சரித்திரத்தில் ஒரு பாடத்தைத் தவறவிட்ட பிள்ளை அடுத்த பாடத்தைப் புதிதாகத் தொடங்கலாம். பின்னம் விளங்காத பிள்ளைக்கு விகிதம் விளங்காது. விகிதம் விளங்காத பிள்ளைக்குச் சதவீதமும் அட்சரகணிதமும் வெறும் எழுத்துக்கள். ஆசிரியர் மாறும் ஒவ்வொரு தடவையும் இடையில் இரண்டு, மூன்று மாதங்கள் வகுப்பு வெறுமையாகக் கிடக்கும். புதிதாக வருபவர் பாடத்திட்டத்தில் எந்தப் பக்கம் வரவேண்டுமோ அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவார். பிள்ளை நின்றுபோன படி கீழே எங்கோ இருக்கும். இப்படி உண்டாகும் இடைவெளிக்கு நாம் 'கணிதம் ஓடாத பிள்ளை' என்று பெயர் சூட்டிவிடுகிறோம். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியில்லாவிட்டால் உயர்தரத்தின் வாசல் ஒடுங்கிவிடும். நகரத்துப் பிள்ளை இந்த இடைவெளியைக் காசு கொடுத்துத் தனியார் வகுப்பில் அடைத்துக்கொள்ளும். படுவான்கரையில் வயற்கூலியின் பிள்ளை எங்கே போகும்?

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். தாய் குவைத்தில், பெத்தாவும் மூத்தப்பாவுமே அவளை வளர்த்தார்கள். மூத்தப்பா இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து விதைப்பவர். ஒருநாள் பின்னங்களைக் கற்பிப்பதற்காக, அவரவர் வீட்டு வேளாண்மைக் கணக்கையே கொண்டுவாருங்கள் என்றேன். அவள் இரண்டு போகங்களின் கணக்கைக் கொண்டுவந்தாள். 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்வதற்கு முந்திய மாரிப்போகத்தில் விளைந்தது 48 மூடை. தடைக்குப் பிந்திய மாரிப்போகத்தில், ஆண்டு முடியுமுன்னரே தடை கைவிடப்பட்டும் உரம் உரிய வேளைக்கு வந்து சேராமையால், விளைந்தது 27 மூடை. குத்தகை இரண்டு போகத்துக்கும் ஒரே அளவு: ஏக்கருக்கு எட்டாக 16 மூடை.

கரும்பலகையில் எழுதினாள். நாற்பத்தெட்டில் பதினாறு, மூன்றில் ஒரு பங்கு. இருபத்தேழில் பதினாறு, பாதிக்கு மேல். எழுதிவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றாள்.

"சேர், விளைச்சல் குறைய, குத்தகை கூடியிருக்கு."

"குத்தகை அதே பதினாறுதானே?" என்றேன்.

"மூடை கூடல்ல, சேர். பங்கு கூடிற்று."

பொருளாதார நூல்களில் பல பக்கங்களில் விளக்கப்படும் ஓர் உண்மையைப் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை இரண்டு பின்னங்களில் கண்டுபிடித்துவிட்டாள். வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்று மத்தியானத்துக்குள் முப்பத்துநான்கு குடும்பங்களின் கடனும் கூலியும் உழவு இயந்திரச் செலவும் கரும்பலகைக்கு வந்துவிட்டன. பின்னம் என்பது பரீட்சைக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்த பிள்ளைகள், அது தங்கள் வீட்டுக் குசினியில் இத்தனை காலம் ஒளிந்திருந்ததைக் கண்டார்கள்.

அன்று மாலை வீட்டில் மாலைதீவுக் கடிதத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். அந்தத் தீவுப் பிள்ளைகளும் பிள்ளைகள்தாம். அவர்களுக்கும் கணிதம் வேண்டும். ஆனால் அங்கே நான் போகாவிட்டால் அந்தச் சம்பளத்துக்கு வேறொருவர் வருவார். இங்கே நான் போய்விட்டால் இந்தச் சம்பளத்துக்கு, இந்த வீதிக்கு, இந்த யானைக்கு யாரும் வருவதாயில்லை. ஒரு வேலையின் பெறுமதியைச் சம்பளத்தால் அளக்கும் சந்தை, இந்த வித்தியாசத்தை அளப்பதற்கு எந்தக் கோலையும் வைத்திருக்கவில்லை.

இக்கட்டத்தில் தியாகப் போதகர்கள் விபுலானந்த அடிகளை எடுத்துக்காட்டுவது வழக்கம். என்னிடமும் காட்டினார்கள். காட்டியவர்கள் அவரது வாழ்க்கையின் ஆண்டுகளைச் சற்று நிதானித்துப் பார்த்திருக்கலாம். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 1922இல் அந்தப் பதவியை விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். துறவு பூண்டு திரும்பி வந்து 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். இரண்டே ஆண்டுகளில், 1931இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் போய்விட்டார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் மறைந்தார். ஓரிடத்தில் வேரூன்றி நின்றவரின் வரலாறு அன்று இது. பல தடவை விலகியவரின் வரலாறு. ஆயினும் மட்டக்களப்பில் எவரும் அவரை விட்டோடியவர் என்று சொல்வதில்லை. ஏன்? அவர் போன பிறகும் சிவானந்த வித்தியாலயம் நின்றது. இராமகிருஷ்ண மிஷன் என்னும் அமைப்பு அதன் பின்னால் இருந்தது. தனி மனிதர் ஒருவரின் தோளில் அந்தப் பாடசாலையின் கூரை தங்கியிருக்கவில்லை.

எனக்கு வேண்டிய அளவுகோல் இங்கே கிடைத்தது. போவதா நிற்பதா என்பது இரண்டாவது கேள்வி. நான் போன மறுநாள் இங்கே எது நிற்கும் என்பதே முதற் கேள்வி. என் விடயத்தில் அதற்கு மறுமொழி: எதுவும் நிற்காது. அந்த மறுமொழி எனக்குப் பெருமை தரவில்லை. ஒரே ஓர் ஆசிரியனின் பயணச்சீட்டில் முப்பத்துநான்கு பிள்ளைகளின் எதிர்காலம் தொங்குவது கல்வி அமைப்பின் அவமானம்.

தியாகப் போதகர்கள் மறந்துவிடும் வேறொரு செய்தியும் உண்டு. நம் நாட்டில் கட்டாயச் சேவைச் சட்டம் வந்த அதே 1961ஆம் ஆண்டில், கியூபாவில் ஒரு லட்சம் வரையிலான இளைஞரும் யுவதியரும் புத்தகமும் விளக்கும் ஏந்திக் கிராமங்களுக்குச் சென்றார்கள். விவசாயியின் வீட்டில் உண்டு, பகலில் அவனோடு வயலில் உழைத்து, இரவில் அவனுக்கு எழுத்தறிவித்தார்கள். ஓராண்டுக்குள் அந்நாட்டின் எழுத்தறிவின்மை நான்கு சதவீதத்துக்கும் கீழ் இறங்கியது. அவர்கள் செய்ததும் தியாகந்தான். ஆனால் அவர்களைத் தனியே அனுப்பிவிட்டு நாடு கடைத்தெருவுக்குப் போகவில்லை. நாடே அவர்களோடு புறப்பட்டது. கூட்டாகச் செய்யப்படும் தியாகத்துக்கு ஒரு முடிவுநாள் உண்டு, பயனும் உண்டு. தனியொருவனிடம் ஓய்வூதிய வயது வரை கேட்கப்படும் தியாகம் மலிவான கூலிக்கு இடப்பட்ட அழகிய பெயரன்றி வேறில்லை.

ஆகவே எல்லையில்லாமல் நிற்பதாக எனக்கே நான் பொய்ச்சத்தியம் செய்துகொள்ள விரும்பவில்லை. சொல்லாமற் புறப்படவும் மனம் இடந்தரவில்லை. மூன்றாவது வழி ஒன்று இருந்தது: நாள் குறித்துத் தங்குவது. கட்டடத் தொழிலாளி கூட அரைச்சுவரில் வேலையை விடுவதென்றால் அடுத்த கொத்தனாருக்குச் சொல்லிவிட்டே போவான். இந்த முப்பத்துநான்கு பேரும் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடியும் நாள் வரை இருப்பது. அதற்குள் எனக்குப் பின் நிற்கக்கூடிய ஒன்றை உண்டாக்குவது. அந்த நாள் கடந்தபின் எவரிடமும் மன்னிப்புக் கேளாமல், போகும் உரிமையோடு இருப்பது.

முடிவைச் சொல்லுமுன் தங்கையிடம் பேசினேன். வீடு அவளுடையது; அவளைக் கேளாமல் அவளுக்காகத் தியாகம் செய்வதும், அவளைக் கேளாமல் அவளைத் தியாகம் செய்வதும் ஒரே விதமான ஆணவந்தான். அவள் தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே மறுமொழி சொன்னாள்.

"அண்ணா, போறதெண்டா போங்க, இருக்கிறதெண்டா இரிங்க. ஆனா என்னக் காரணமாச் சொல்லிப் போகவும் வேணாம், இருக்கவும் வேணாம். வீடு வாற நேரம் வரட்டும். நானும் சும்மா இருக்கல்லதானே."

அம்மா மூன்று நாட்கள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு, "பரீட்ச எப்ப வரும்?" என்று கேட்டார். நாள் குறிக்கப்பட்ட எதையும் தாய்மாரால் பொறுத்துக்கொள்ள முடியும் என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

மாலைதீவுக்கு மறுப்புக் கடிதம் எழுதினேன். அதிபரிடமும் பெற்றோர் கூட்டத்திலும் வெளிப்படையாகச் சொன்னேன்: இந்த வகுப்பு பரீட்சை எழுதும் வரை இருப்பேன், அதன் பின் இருப்பேன் என்று இப்போது வாக்குத் தரமாட்டேன், ஆகவே அதற்குள் அடுத்த ஆசிரியரை நாம் எல்லோரும் சேர்ந்து கேட்கவேண்டும். அந்தக் கூட்டத்தில் அந்த மாணவியின் பெத்தா எழுந்து நின்றார். "சேர், மத்தவங்க போறநாள்தான் தெரியும், போனாங்க எண்டு. நீங்க முந்தியே சொல்லிப்போட்டீங்க. அது போதும்" என்றார். புகழ்ச்சி என்று அதனை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பலமுறை ஏமாற்றப்பட்ட ஓர் ஊர் தன் உரிமையை எவ்வளவு சிறிதாகச் சுருக்கிக்கொண்டுவிட்டது என்பதை அந்த வார்த்தைகள் காட்டின.

பின்னர் நடந்தவை பெரிய காரியங்கள் அல்ல. உயர்தரத்தில் கணிதம் படித்துவிட்டு வேலையின்றி வயலுக்குப் போய்வந்த இரண்டு இளைஞர்கள் மாலை வகுப்புக்கு உதவ முன்வந்தார்கள். பின்னத்திலிருந்து தொடங்கினோம். பதினோராந்தரப் பாடத்தை ஒன்பதாந்தரத்து மாணாக்கர் சிலர் சன்னலோரம் நின்று கேட்டார்கள். பின்னர் உள்ளே வந்து இருந்தார்கள். பெற்றோர் கையொப்பமிட்டு ஆசிரியர் விடுதிக்கும் வீதிக்கும் மனுக் கொடுத்தார்கள். ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பின்தங்கிய பாடசாலைகளின் பிரச்சினையை எழுப்பினோம். அங்கே எழுவான்கரை ஆசிரியர் சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் எம்மோடு நின்றார்கள். விடுதி இன்னும் வரவில்லை. வீதியில் ஒரு பகுதிக்குக் கிரவல் போட்டிருக்கிறார்கள்.

2024ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச்சில் நடந்தது. முப்பத்துநான்கு பேரில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் கணிதத்தில் சித்தியடைந்தார்கள். நகரத்துக் கல்லூரியொன்றில் இது துக்கச் செய்தி. எங்கள் ஊரில் அன்று வெடி கொளுத்தினார்கள். சித்தியடையாதவர்களின் பெயர்களையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். பங்கு கூடியதைக் கண்டுபிடித்த மாணவி இப்போது உயர்தரத்தில் கணிதப்பிரிவில் படிக்கிறாள். அதற்காக அவள் ஒவ்வொரு நாளும் பாலத்தைக் கடந்து எழுவான்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆசிரியர் இக்கரைக்கு வராதபோது பிள்ளை அக்கரைக்குப் போகிறது; வசதியற்ற பிள்ளை இரண்டு கரைக்கும் போவதில்லை.

நான் குறித்த நாள் கடந்துவிட்டது. விலகும் உரிமை இப்போது முழுமையாக என் கையில் இருக்கிறது. அதனை மறந்துவிட்டேன் என்று எவரும் எண்ணவேண்டாம். தங்கையின் வீடு சன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. அதற்குக் கூரை வேண்டும். சன்னலோரம் நின்று கேட்ட பிள்ளைகள் இப்போது பதினோராந்தரத்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்காக இன்னொரு நாளைக் குறித்திருக்கிறேன். அதுவே கடைசி நாளாக இருக்கலாம். அதற்குள் இன்னொரு கணித ஆசிரியர் வந்து சேர்ந்தால் நான் போவது விலகலாக இராது. பொறுப்பு மாறுவதாக இருக்கும். வராவிட்டால் அன்றைய கணக்கை அன்று போடுவேன்.

புதிய நியமனத்தோடு தூரத்துப் பாடசாலைகளுக்குப் போகும் இளம் ஆசிரியர்களும், நாளை போகவிருக்கும் மாணவ நண்பர்களும் இதை வாசிக்கக்கூடும். உங்களுக்கும் ஒருநாள் இதுபோன்ற கடிதம் வரும். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. உங்கள் வீட்டு அத்திவாரத்தை நான் பார்த்ததில்லை. போவதாயின் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். நிற்பதாயின் தனியே நிற்காதீர்கள். சங்கத்தையும் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு நில்லுங்கள். ஓர் ஆசிரியன் போனால் இன்னோர் ஆசிரியன் மறுநாட் காலையில் வந்து நிற்கும் பாடசாலையை நாம் கேட்டுப் பெறும் வரை, நம்மிற் போகிறவருக்கும் நிம்மதியில்லை, நிற்கிறவருக்கும் நிம்மதியில்லை. பழுகாமத்துக்கு வேண்டியது ஒரு துறவியன்று. ஒழுங்காகச் சம்பளமும் தங்க ஒரு விடுதியும் கிடைக்கும் இரண்டு கணித ஆசிரியர்கள்.